மாப்பிள்ளை முதுகில் ஓர் அம்பு

மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய எல்.இ.டி. திரையில் மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. முதுகின் நடுவில், நீலக் கோட்டின் மேல், ஒரு சிவப்பு அம்புக்குறியும் தெரிந்தது. திரையில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. அம்பின் முனை நேராக மேலே, மாப்பிள்ளையின் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

பரணிதரன் பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

வேறு ஊராக இருந்தால் கோட்டில் ஏதோ டிசைன் என்று விட்டுவிடுவார்கள். ஆம்பூரில் விட மாட்டார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போகிறவர். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு முடிந்த ஷூ கடைசியாகச் செக்கிங் மேஜைக்கு வரும். எங்கே நூல் பிரிந்திருக்கிறதோ, எங்கே பசை வழிந்திருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய ஷூ சிவப்புக் கூடைக்குப் போகும். சிவப்புக் கூடைக்குப் போனது கப்பல் ஏறாது. இது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

இப்போது அந்த அம்பைச் சுமந்துகொண்டு நிற்பவர் விடிந்தால் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை. அம்பு ஸ்டிக்கர் ரோல் இருந்தது பரணிதரனின் பேன்ட் பாக்கெட்டில்.

அவன் செக்கிங் மேஜையில் பல வருடம் குப்பை கொட்டியவன். காலையில் போனால் சாயங்காலம் வரை அடுத்தவன் செய்த தப்பைத் தேடுவதுதான் வேலை. பழகிப் பழகி, வீட்டில் தோசையைத் தட்டில் வைத்தால் அதையும் திருப்பிப் பார்ப்பான். மனைவி சங்கீதா தோசைத் திருப்பியைக் காட்டுவாள். ஒருநாள் அவனுக்கே தன்மேல் வெறுத்துப்போனது. இனிமேல் குறை கண்டுபிடிக்கிற பிழைப்பே வேண்டாம், நாலு பேர் சந்தோஷப்படுகிற வேலையைச் செய்யலாம் என்று வேலையை விட்டான். கல்யாண வேலைகளை எடுத்து நடத்திக்கொடுக்கும் தொழிலில் இறங்கி, 'ஜீரோ டிஃபெக்ட் வெட்டிங்ஸ், ஆம்பூர்' என்று கார்டும் அடித்தான். கல்யாணக் கம்பெனிக்கு இப்படியா பெயர் வைப்பார்கள் என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அதற்குப் பிறகு கேட்பதற்கும் ஆள் வரவில்லை.

கடைசியில் ஜோதிதான் கூப்பிட்டாள். அவன் மேஜையில் அவனுக்குக் கீழே வேலை பழகிய பெண், இப்போது அவளே லைன் சூப்பர்வைசர். "சார், என் கல்யாணத்த நீங்கதான் எடுத்துப் பண்ணணும். மாமா வேற ஆளு பாக்கறாரு. நான் ஒத்துக்கல," என்றாள். பரணிதரன் போனை வைத்துவிட்டுக் கார்டுக் கட்டைத் தூசி தட்டி எடுத்தான். தன்னையும் நம்பி ஒரு ஜீவன்.

சங்கீதா அப்படியெல்லாம் உருகவில்லை.

"இந்த ஒரு கல்யாணம் பாக்கறேன். நல்லபடியா முடிஞ்சா உங்க இஷ்டம். முடியலன்னா திங்கக்கெழம டிபன் பாக்ஸத் தூக்கிக்கினு கம்பெனி பஸ் ஏறணும். மேனேஜர் கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

"அதுக்குள்ள எதுக்குச் சொன்னே?"

"உங்களப் பத்தித் தெரிஞ்சுதான்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, வரவேற்பு மேடையில் நின்றது ஜோதியின் கல்யாணம் மட்டும் கிடையாது. பரணிதரனின் பிழைப்பும் கூடவே நின்றது.

அம்பு எப்படி அங்கே போனது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. செக்கிங் மேஜைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோலிலிருந்து ஒரு ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்திருப்பார்கள், சமயத்துக்கு உதவும் என்று. பரணிதரன் மத்தியானத்திலிருந்தே அந்தக் கட்டைவிரலோடு மண்டபத்தைச் சுற்றியிருந்தான். சாய்ந்த வாழைமரத்துக்கு ஒன்று, கிழிந்த நாற்காலி உறைக்கு ஒன்று, பெயிண்ட் உதிர்ந்த தூணுக்கும் கதவுக்கும் ஒவ்வொன்று, மணப்பெண் அறையில் கீறல் விழுந்த கண்ணாடிக்கு ஒன்று. டெக்கரேஷன்காரர்கள் அம்பைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மணப்பெண் அறையில் ரோலையே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டான்; ஜோதியின் தோழி மெர்சி பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளையின் கோட் தூக்கிக்கொண்டு நின்றது. பரணிதரன் போய் முதுகைத் தட்டிச் சரிசெய்தான். இறங்கி வந்து பார்த்தால் கட்டைவிரல் காலி.

தன் கையே தனக்குக் குழி பறித்துவிட்டது. அந்தக் கையை வெட்டிப் போட்டால்கூடத் தகும் என்று தோன்றியது.

எல்லார் முன்னாலும் மேடையேறி உரித்தால், ஒட்டியது யார் என்ற கேள்வி வரும். முதலில் திரையிலிருந்து முதுகை அப்புறப்படுத்துவோம் என்று வீடியோக்காரர் அந்தோணியிடம் ஓடினான். அந்தோணி நீளக் கம்பியின் நுனியில் கேமராவைக் கட்டி மண்டபத்தின் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பி கேமரா கட்டாயம் வேண்டும் என்று வேலூரிலிருந்து வரவழைத்ததும் பரணிதரன்தான்.

"அண்ணே, பின்னாடி போவாதீங்க. மாப்ள முதுகக் காட்டாதீங்க."

"பேக் ஷாட்தான் சார் இப்ப எல்லாரும் கேக்கறாங்க."

"நான் கேக்கல. ஜனங்களக் காட்டுங்க. ஆர்வமா பேசிக்கினு இருக்கறவங்களாப் பாத்துக் காட்டுங்க."

அந்தோணி சொன்னதைச் செய்கிற மனிதர். கேமராவைத் திருப்பி, மண்டபத்திலேயே மிக ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்த இருவரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜோதியின் பெரியம்மாவும் சித்தியும். ஒருவர் தையல் செக்ஷன், ஒருவர் பேக்கிங். பெரியம்மா தன் தலையைத் தொட்டுக்காட்டி, காதோரம் விரலைச் சுழற்றினாள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா மறுபடியும், இன்னும் வேகமாகச் சுழற்றினாள். சத்தம் வராவிட்டால் என்ன, மண்டபம் முழுக்கப் புரிந்துவிட்டது.

"மாப்ளைக்கு மண்டைல கோளாறாமே," என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"பரணி செக் பண்ணிச் சொல்லியிருக்கான்."

"பரணியா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

பரணிதரன் காதிலும் அது விழுந்தது. இத்தனை வருடம் ஒருவர்கூட அவன் வேலையைப் பாராட்டியதில்லை. பாராட்ட வந்த நேரத்தைப் பாருங்கள்.

இனிமேல் மேடையேறாமல் முடியாது என்று தெரிந்துபோனது. வாழ்த்துச் சொல்ல நின்ற வரிசையில் நடுவில் புகுந்தான். "இன்னா சார், நாங்க மனுஷங்களாத் தெரியலயா," என்று ஒருவர் கேட்டார். காதில் வாங்காமல் மேலே போய், மாப்பிள்ளை மதியழகனை இறுக்கிக் கட்டிப்பிடித்தான். இருவரும் அன்று காலையில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டவர்கள்.

"நல்லா இருங்க தம்பி. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே வலது கையைப் பின்னால் விட்டு நகத்தால் சுரண்டினான்.

"சார், கூசுது சார்."

"கொஞ்சம் பொறுங்க தம்பி. பாசம்."

மாப்பிள்ளையின் அம்மா விஜயகுமாரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆற்காட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற குடும்பம். சொந்தக்காரப் பெண் ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தார். "சூப்பர்வைசராம். அதெல்லாம் நாளையோட சரி. கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்ல பொண்ணுங்கள வேலைக்கி அனுப்பற பழக்கம் இல்ல." ஜோதி கேட்டும் கேட்காதவளாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டிக்கரின் ஓரம் நகத்தில் சிக்கியது. அப்பாடா என்று இழுத்தான். முக்கால்வாசி உரிந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கூச்சம் தாங்காமல் ஒரு துள்ளு துள்ள, பரணிதரனின் உள்ளங்கை படாரென்று அவர் முதுகில் விழுந்தது.

"யாருப்பா நீ, எம்புள்ளய எதுக்கு அடிக்கறே?" என்றார் விஜயகுமாரி.

"அடிக்கலமா. தட்டிக்குடுத்தேன்."

கையை எடுத்துப் பார்த்தான். ஸ்டிக்கர் மறுபடியும் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, முன்னைவிட அழுத்தமாக. ஆனால் திரும்பிவிட்டது. மேலே தலையைக் காட்டிய அம்பு இப்போது பக்கவாட்டில், விஜயகுமாரியைக் காட்டியது.

கட்டிப்பிடித்து வாழ்த்துவது நல்ல ஷாட் ஆயிற்றே என்று அந்தோணி அதற்குள் கம்பியைப் பின்னால் கொண்டுவந்திருந்தார். திரையில் ஒரு பக்கம் அம்பு, அம்பு காட்டிய பக்கத்தில் மாமியார்.

கீழேயிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "அதான பாத்தேன். பையன் நல்ல பையன்தான். கோளாறு மாமியா கிட்டதான்."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. விஜயகுமாரிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அதுதான் ஆபத்து.

பரணிதரன் படியிறங்கும்போது ஜோதி அவன் பக்கம் குனிந்து, "சார், விடுங்க சார். நடக்கறது நடக்கட்டும்," என்றாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. எப்பேர்ப்பட்ட பெண், இவ்வளவு அமளியிலும் தனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்காவது இந்தக் கல்யாணத்தை ஒழுங்காக நடத்திவைக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கீழே பெரியம்மாவும் சித்தியும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். பெரியம்மா அவன் கையைப் பிடித்துத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பரணி, நீ ஒட்டுன அம்பு இதுவரைக்கும் தப்பாப் போனதே இல்ல. மொதல்ல தலயக் காட்டுச்சு, இப்ப மாமியாளக் காட்டுது. ஒளிக்காமச் சொல்லு. அந்தப் பையனுக்கு இன்னா?"

"அய்யோ, ஒண்ணும் இல்லக்கா. தங்கமான பையன்."

"அப்ப எதுக்கு அம்பு?"

அது தவறிப்போய் ஒட்டிக்கொண்டது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவது? செக்கிங் மேஜைக்காரன் கைதவறி அம்பு ஒட்டினான் என்றால், அவன் கார்டில் அடித்திருக்கிற பெயருக்கு என்ன மரியாதை? கூடவே, திங்கட்கிழமை பஸ் ஒன்று அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாய் தானாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது.

"அது பையனுக்கு இல்லக்கா. கோட்டுக்கு. கோட்டுல சின்னதா ஒரு தையல் குறை."

"எந்தத் தையல்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சம்பத். ஜோதியின் தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணுக்கு எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்கிறவர். கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் எடுத்துக்கொடுக்க வேண்டிய அந்த நீலக் கோட்டை, வேலூரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, உள்ளேயும் வெளியேயும் தடவிப் பார்த்து எடுத்தவர்.

"நான் எடுத்த கோட்டுக்கா ரிஜெக்ட் போட்டே?"

"ரிஜெக்ட் இல்லண்ணே. மைனர் குறைதான். ரீவொர்க் பண்ணிக்கலாம்."

"எந்த எடம்? காட்டு."

பரணிதரன் கணக்குப் போட்டுப் பார்த்தான். குறை இருக்கிறது என்றால் தாய்மாமன் சீருக்கு அவமானம். இல்லை என்றால் அம்பு மறுபடியும் மாப்பிள்ளை தலைக்கே போய்விடும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம்.

"இரு, நானே பாக்கறேன்," என்று சம்பத் மேடையேறினார். "மாப்ள, கோட்டக் கொஞ்சம் கழட்டுங்க," என்றார். மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா பதில் சொல்வதற்குள் கோட் சம்பத்தின் கைக்கு வந்துவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேஜையை இழுத்துப் போட்டு அதில் கோட்டை விரித்தார்கள். எங்கிருந்துதான் வந்தார்களோ, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேரும் செக்கிங், பேக்கிங், தையல். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவர்களாகவே வரிசையாக நின்றுகொண்டார்கள். ஒருத்தி காலரைப் பார்த்து நகர்த்தினாள். அடுத்தவள் கையைப் பார்த்து நகர்த்தினாள். அதற்கடுத்தவள் உள்துணியை வெளியே எடுத்தாள்.

"சார், ரோலு குடுங்க," என்று மெர்சி கை நீட்டினாள்.

"வேணாம் மெர்சி."

"அட குடுங்க சார். பாத்ததுக்கு அடையாளம் வேணாமா?"

கொடுத்தான். வேறென்ன செய்வது? தொழில் தெரிந்தவர்கள் கையில் ஒரு பொருள் கிடைத்தால் அதில் குறை இல்லாமல் போகுமா? காலரில் ஒன்று, பொத்தான் துளையில் ஒன்று, தோள்பட்டையில் ஜோடியாக இரண்டு, உள்துணி முழுக்கச் சரமாக. ஏற்றுமதிக்குப் போகிற ஷூவுக்கு வைத்திருக்கிற கண்ணால் வேலூர் கடைக் கோட்டைப் பார்த்தால் அது தாங்குமா? நீலக் கோட்டில் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. சம்பத் ஒவ்வொரு அம்பாகக் குனிந்து பார்த்தார். அவரும் தொழில்காரர் அல்லவா, இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"ஆமா, தோளு கோணலாத்தான் இருக்குது," என்றார். சொல்லிவிட்டு அந்தத் தோளைக் கையால் நீவிவிட்டார். பரணிதரன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக உள்ளே வந்தார்கள். அவர்களில் நான்கு பெரியவர்கள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தார்கள். அம்பு இருந்தால் வழி காட்டுகிறது என்றுதான் ஆற்காட்டில் அர்த்தம். அவர்கள் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடி, தூணிலும் கதவிலும் இருந்த அம்புகளை நம்பி நடந்து, ஜெனரேட்டர் ரூமில் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்கள்.

விஜயகுமாரி கோட்டைப் பார்த்தார். "இது இன்னா, எம்புள்ள கோட்டுல?"

பேக்கிங் செக்ஷன் சித்தி விவரமாகச் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிற அதே பொறுமையோடு சொன்னாள். "குறை இருக்கற எடத்துல இத ஒட்டுவோம்மா. ஒட்டிட்டா அது ஷிப்மென்டுக்கு லாயக்கில்லன்னு அர்த்தம்."

"சரி. இதுக்கு முன்னாடி எம்புள்ள முதுகுல ஒண்ணு ஒட்டியிருந்துச்சே, அது?"

எல்லாரும் பரணிதரனைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிக் காப்பாற்றியாக வேண்டும் என்று அவன் மூளை கம்பெனி முழுக்க ஓடியது. கம்பெனியில் குறையே இல்லாத பொருள் எது? சாம்பிள். வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற முதல் ஜோடி.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. மாப்ள எங்களுக்குச் சாம்பிள் பீஸ் மாதிரி. அதுக்குத்தான் அடையாளம்."

"சாம்பிளா?" என்றாள் பெரியம்மா. "அப்ப நாளைக்கி வரப்போற மாப்ள வேறயா?"

அவ்வளவுதான். விஜயகுமாரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"தோலு நாத்தத்துல உக்காந்துக்கினு, ஊரான் செருப்பத் திருப்பித் திருப்பிப் பாக்கறவளுங்க நீங்க. எம்புள்ளய செக் பண்றீங்களா? உங்க பொண்ணும் அந்த நாத்தத்துலருந்து வர்றவதான. போனாப் போவுதுன்னு நாங்க எடுக்கறோம்."

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த நாற்றத்தில்தான் சோறு தின்கிறவர்கள். அவர்களுக்கு அது நாற்றமாகப் பட்டதே இல்லை.

சம்பத் கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். "அம்மா, நீங்க சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க."

விஜயகுமாரி இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே சொன்னார்.

"மாப்ள, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று சம்பத் மதியழகனிடம் கேட்டார்.

வெறும் சட்டையோடு நின்ற மதியழகன் அம்மாவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். "அம்மா சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்ங்க," என்றார்.

"சரிங்க. அப்ப அம்மாவோடயே இருங்க. நாளைக்கி முகூர்த்தம் இல்ல."

பரணிதரன் குறுக்கே போய் விழுந்தான். "அண்ணே, என்னாலதான் அண்ணே. என் கைதான் அண்ணே. என்ன ரெண்டு அடி வேணா அடிங்க, கல்யாணத்த நிறுத்தாதீங்க," என்றான். இருபக்கமும் கும்பிட்டான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஜெனரேட்டர் ரூமுக்கு அனுப்புனவன் இவன்தான்," என்று அவனைத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆற்காட்டு வேன்கள் கிளம்பின. சீராகக் கொண்டுவந்திருந்த மக்கன் பேடா டப்பாக்களையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜோதி மேடையிலிருந்து இறங்கி வந்து, மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்தாள். பரணிதரனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு கட்டைவிரலால் அழித்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

பின்கட்டிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஹயாத் பாஷா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, தம் ஒடச்சிடவா?"

"கல்யாணமே நின்னுபோச்சு பாய்."

"கேள்விப்பட்டேன். கல்யாணம் நிக்கும், தம் நிக்குமா? இன்னும் கொஞ்சம் போனா அடி புடிச்சிடும்."

"யார் பாய் சாப்புடுவாங்க இந்த நெலமைல?"

"நீ தொழிலுக்குப் புதுசு தம்பி. ஜனங்களுக்குப் பேஜார் ஜாஸ்தியானா பசியும் ஜாஸ்தியாவும்."

அவர் சொன்னதே நடந்தது. மூடியைத் திறந்த வாசனை கூடத்துக்கு வந்ததும், அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அன்று பரணிதரன் ஏற்பாடு செய்ததில் சொன்னபடி நடந்தது அந்தப் பந்தி ஒன்றுதான்.

சம்பத் கைகழுவிவிட்டு வரும்போது அவனிடம் நின்றார். திட்டுவார் என்று பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை. தோளில் கைவைத்து, மெதுவாகத்தான் சொன்னார். "பரணி, கோவிச்சிக்காத. இனிமே எந்தக் கல்யாணத்துப் பக்கமும் நீ போவாதே. உனக்குப் புண்ணியமாப் போவும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

சங்கீதா ஒரு தட்டில் பிரியாணியும் கத்தரிக்காயும் எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள்.

"சாப்புடுங்க."

"நான் இன்னா தப்பு பண்ணேன் சங்கீதா? எல்லாம் நல்லா இருக்கணும்னுதான பாத்தேன்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. உங்களுக்கு இந்த ஒரு வேலதான் வரும், அதுக்கு யாரு இன்னா பண்றது?" அவள் குரலில் கோபமே இல்லை. "திங்கக்கெழம சாம்பார் சாதம் கட்டட்டுமா, லெமன் சாதமா?"

"எதுனா கட்டு."

அவள் போன பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். தூணில் இருந்த அம்பை உரித்தான். கதவில் இருந்ததை உரித்தான். வாழைமரம் இன்னும் சாய்ந்துதான் நின்றது, அதன் அம்பையும் உரித்தான். கார்டுக் கட்டை எடுத்து எச்சில் இலைக் கூடையில் போட்டான். மேடைக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், அலங்காரத் துணிக்கு மறைவில் போய் உட்கார்ந்தான். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, அழுதான். ஆயுசு முழுக்க இனி டியூப்லைட்டும் செக்கிங் மேஜையும்தான். குறையில்லாமல் ஒரே ஒரு காரியம் செய்துவிட்டுச் சாகலாம் என்று நினைத்தது அவ்வளவு பெரிய ஆசையா என்று கேட்டுக்கொண்டான். கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

துணியை விலக்கிக்கொண்டு மெர்சி வந்தாள். இவளும் திட்டத்தான் வருகிறாள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"திட்டிடு மெர்சி. நீயும் திட்டிடு. ஜோதி எப்படி இருக்கா?"

"சாப்புடறா சார். ரெண்டாவது தபா வாங்கிக்கினு இருக்கா."

"பாவம். ரொம்ப மனசு விட்டுப்போனா அப்படித்தான் ஆவும்."

மெர்சி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். துணியைக் கொஞ்சம் விலக்கி, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சார், எனக்கும் ஒரு ஆளப் பாத்து வச்சிட்டாங்க, கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கல்யாணம், அதயும் நீங்கதான் எடுத்துப் பண்ணணும், ஸ்டிக்கர் மட்டும் கொண்டாந்துடுங்க, ஜோதி ஒட்டுன மாதிரி மாப்ள முதுகுல நானே ஒட்டிக்கறேன்."